நம்மவர்

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நான் கும்பிடப் போவதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் சுற்றிக் கும்பிட்டு முடிக்கும்வரை ஒரு தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எடுப்பித்த கோயில் அது. வெளியே கொட்டாஞ்சேனை வெயிலில் வெந்துகொண்டிருந்தாலும் உள்ளே கல் குளிர்ந்து கிடக்கும். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள், பெரியவர் ஒருவர் பத்துப் பதினைந்து பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு மெய்ப்பொருள் நாயனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சைவசமயம் படித்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான். திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடம்பெல்லாம் திருநீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். எல்லா வாசலும் திறந்து வழிவிடுகிறது. பள்ளியறை வாசலில் மட்டும் தத்தன் என்ற காவலன் தடுக்கிறான்: அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்து வாருங்கள். முத்தநாதன் அவனை மீறி உள்ளே போகிறான். ஆகமம் ஒன்று சொல்லித்தர வந்தேன், தனியாகச் சொல்லவேண்டும் என்கிறான். அரசர் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, அவனை உயர்ந்த இடத்தில் இருத்தி, தான் கீழே இருந்து வணங்குகிறார். கட்டு அவிழ்கிறது, கத்தி வெளியே வருகிறது. தத்தன் வாளோடு பாய்ந்து வரும்போது, சரிந்து விழுகிற அரசர் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்கிறார். யாரும் தீங்கு செய்யாமல் ஊர் எல்லைவரை கொண்டுபோய் விட்டு வா என்றும் சொல்கிறார். தத்தன் விட்டுவிட்டு வந்து சொன்ன பிறகுதான் அவருடைய உயிர் பிரிகிறது.

இந்த இடத்தில் கதை சொன்னவருக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கண்ணில் தெரிந்தது கொழும்பு 7இல், புல்லர்ஸ் வீதியில் ஒரு வீடு.

1989 ஜூலை 13, வியாழக்கிழமை. அந்த வீட்டில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் செயலாளர் நாயகம் அப்பாப்பிள்ளை அமிர்தலிங்கமும் மனைவி மங்கையர்க்கரசியும், கட்சித் தலைவர் சிவசிதம்பரமும், யாழ்ப்பாணத்தின் முன்னாள் எம்.பி. வெற்றிவேலு யோகேஸ்வரனும் மனைவி சரோஜினியும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். எழுபத்தேழில் 18 ஆசனங்களோடு நாடாளுமன்றம் போய் எதிர்க்கட்சி வரிசையின் தலைமையில் அமர்ந்த கட்சி, பன்னிரண்டு வருடத்தில் ஒரு வாடகை வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தது.

இவர்களில் யோகேஸ்வரனைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கூட்டணித் தலைவர்களில் இளைஞர்களோடு நெருங்கிப் பழகியவர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அந்த நாட்களில் அவருடைய வீட்டையும் பொலிசார் கொளுத்தினார்கள். மனைவியோடு மயிரிழையில் தப்பினார். அப்படி வீடு எரிந்தவருக்கு ஆயுதம் தூக்கிய பிள்ளைகள் மேல் கோபத்தைவிடப் பரிவுதான் அதிகம் இருந்திருக்கும். எண்பத்தொன்பதில் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு விடுதலைப் புலிகளோடு கொழும்பில் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தது. புலிகளின் தூதுக்குழு ஹில்டன் ஹோட்டலில் அரச விருந்தாளிகளாகத் தங்கியிருந்தது. சிங்கள ஜனாதிபதியோடு பேசுகிறவர்கள் நம்மோடு பேசமாட்டார்களா என்ற நினைப்பு ஒரு தமிழ் அரசியல்வாதிக்கு வருவது இயல்பு. வவுனியாப் பக்கமிருந்த புலிகளின் ஆட்களோடு யோகேஸ்வரன் சத்தமில்லாமல் தொடர்பு வைத்தார். கூட்டணியையும் புலிகளையும் ஒரு பாயில் உட்கார வைத்துவிடலாம் என்று நம்பினார். புலிகள் தரப்பிலிருந்து விசு என்பவர் வந்து பேசினார், போனார். பழக்கம் நட்பாயிற்று.

அன்று மாலை மூன்று பேர் வந்தார்கள். வீட்டில் பொலிஸ் காவல் உண்டு. வருகிறவர்களைத் தடவிப் பார்க்கவேண்டாம், அது அவர்களுக்கு அவமானமாக இருக்கும் என்று யோகேஸ்வரன் காவலர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். இருவர் உள்ளே போனார்கள். ஒருவர் வெளியே நின்றார். உள்ளே உபசரிப்பு நடந்தது, தேநீர் வந்தது, பேச்சும் நடந்தது. பிறகு துப்பாக்கிகள் வெளியே வந்தன. அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொல்லப்பட்டார்கள். குண்டு பட்ட சிவசிதம்பரம் பிழைத்துக்கொண்டார். வந்த மூவரையும் காவலர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். அதில் முன்னால் நின்றவர் நிஸ்ஸங்க என்ற சிங்களப் பொலிஸ்காரர். சோதிக்காதே என்று சொல்லப்பட்டதால் சோதிக்காமல் விட்டவர்களில் அவரும் ஒருவர். தத்தனைப் போலவே, நேரம் தவறிய பிறகுதான் அவருடைய ஆயுதத்துக்கு வேலை வந்தது.

அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஜம்பட்டா வீதியில் ஒரு தோட்ட வீட்டில் குடியிருந்தோம். எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே முற்றம், ஒரே பைப். மறுநாள் காலை அந்தப் பைப்படியில் தண்ணீருக்கு நின்ற பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என் அப்பாவோடு செஸ் விளையாடுகிற மனிதர், எறும்புக்கும் தீங்கு நினையாதவர், வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கட பொடியள் காரணமில்லாமல் செய்ய மாட்டாங்கள்." யாரும் மறுக்கவில்லை. அப்பா பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தூக்கித் திரிகிறேன். ஒருவர் குற்றவாளியா என்று முதலில் பார்க்கவேண்டும், தண்டனை பிறகு என்பது எல்லா ஊரிலும் வழக்கு நடக்கிற ஒழுங்கு. அந்த வாக்கியத்தில் ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. சுட்டுவிட்டார்கள், ஆகவே செத்தவரிடம் ஏதோ பிழை இருந்திருக்கவேண்டும். கொலையே கொலைக்குச் சாட்சி. கொன்றவர் 'எங்கட' ஆள் என்பதால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் ஆள் இல்லை. பேய் பிடித்ததென்று சொல்லி வேப்பிலை அடிப்பவனிடம் நோயாளி துடித்தால், பார், பேய் துடிக்கிறது என்பான். அதே தர்க்கம்தான் இது. வேப்பிலைக்காரனைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த படித்த மனிதர்கள் இதைப் பைப்படியில் தலையாட்டிக் கேட்டார்கள்.

அமிர்தலிங்கம் பிழையே செய்யாத மனிதர் என்று நான் வாதிட வரவில்லை. 1989 பெப்ரவரித் தேர்தலை இந்திய அமைதிப்படையின் துப்பாக்கி நிழலில், அந்தப் படையோடு ஒட்டி நின்ற இயக்கங்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டணி சந்தித்தது பெரிய பிழை என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் பிழைக்குத் தண்டனை கிடைத்தது. மட்டக்களப்பு வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள், தேசியப் பட்டியல் வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. அரசியல் பிழைக்கு மனித குலம் இதுவரை கண்டுபிடித்த தண்டனைகளில் நாகரிகமானது அதுதான்.

இன்னொரு பிழைதான் என்னை வருத்துகிறது. எழுபதுகளின் மேடைகளில் 'துரோகி' என்ற சொல்லை விதைத்தவர்களில் கூட்டணியினரும் உண்டு. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவை அந்தச் சொல்லால் சுட்டிக் காட்டினார்கள். 1975 ஜூலை 27ஆம் திகதி, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிட வந்த துரையப்பா சுடப்பட்டு விழுந்தார். தமிழ்த் தலைமை வாய்திறந்து, இது கொலை, இதைச் செய்தவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்று ஊரறியச் சொல்லியிருக்கவேண்டிய நாள் அது. சொல்லவில்லை. துரையப்பா நம்மவர் பட்டியலில் இல்லை, சுட்டவர்கள் இருந்தார்கள். பதினான்கு வருடத்தில் அந்தப் பட்டியலை எழுதும் பேனா கை மாறியிருந்தது. இளைஞர்கள் விரலைக் கீறி இரத்தத் திலகம் இட்ட நெற்றிக்குரிய அமிர்தலிங்கத்தையே அது வெட்டிவிட்டது.

துரோகம் என்ற சொல்லை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். உண்மையில் அது இரண்டு மனிதருக்கு இடையில் நடப்பது. ஒருவர் நம்பினார், மற்றவர் அந்த நம்பிக்கையைக் கருவியாக்கினார். நாம் அதிலிருந்து மனிதரைத் தூக்கி எறிந்துவிட்டு இனத்தை வைத்தோம். இனத்துக்குத் துரோகம், மண்ணுக்குத் துரோகம். ஆகவே வெறுங்கையோடு பேச உட்கார்ந்தவர் துரோகி ஆனார். அவர் வீட்டில் தேநீர் வாங்கிக் குடித்த கையால் அவரைச் சுட்டவர் துரோகி ஆகவில்லை. ஒரு சொல் இப்படி முழுதாகக் கவிழ்ந்து கிடக்கையில் அந்த மொழியில் நீதி பேச முடியாது. இதைத் தமிழில் சொல்லவேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த இன்னொரு கதை உண்டு. சிங்களத் தலைவர்கள் வாக்குத் தவறுகிறவர்கள். 1957 ஜூலையில் பண்டாரநாயக்க தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார், அடுத்த ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் அதை முறித்தார். 1965இல் டட்லி சேனநாயக்க இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், நிறைவேற்றவில்லை. ஒரு எழுத்தும் பொய்யில்லை. சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கோபம் முழு நியாயம். அந்தக் கோபத்தின் அடியில் இருக்கிற நீதி என்ன? சொன்ன சொல்லைக் காக்கவேண்டும் என்பதுதானே. அந்த நீதி தமிழர் வீட்டு வரவேற்பறையில் செல்லாது என்றால், அது நீதியாக ஒருநாளும் இருந்ததில்லை, வெறும் புகார்.

கடவுளை நம்பாத என்னைப் போன்றவர்களிடம், தூதுவனைக் கொல்லக்கூடாது, தூதாக வந்தவன் கொல்லக்கூடாது என்பதற்கு என்ன அடிப்படை என்று கேட்கலாம். மேலே யாரும் கணக்கு எழுதவில்லையே. எனக்கு மேலே ஆள் வேண்டியதில்லை, கீழே பார்த்தாலே போதும். 'பேச வருகிறேன்' என்பது எதிரிகளுக்கு நடுவில் புழங்குகிற ஒரே நாணயம். ஒருவன் அதில் கள்ளக்காசு அடித்தால் அவனுக்கு ஒருமுறை சாமான் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த நாணயத்தை எந்தக் கடையிலும் எடுக்கமாட்டார்கள், அவன் பிள்ளை நல்ல காசைக் கொண்டுபோனாலும் எடுக்கமாட்டார்கள்.

பிள்ளைகள் கொண்டுபோனார்கள். 2009 மே 18. முள்ளிவாய்க்காலின் கடைசி மணித்தியாலங்கள். புலிகளின் அரசியல் பொறுப்பாளர் நடேசனும், பேச்சுவார்த்தைகளை நடத்திய சமாதானச் செயலகத்தின் புலித்தேவனும் இடையாட்கள் வழியாகத் தொலைபேசியில் பேசி, வெள்ளைக் கொடியோடு சரணடையலாம் என்று நம்பி நடந்தார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். அப்படி உறுதி எதுவும் கொடுக்கவில்லை, சரணடைந்தவர்களைக் கொல்லவும் இல்லை என்று அரசு சொன்னது. நான் அதை நம்பவில்லை. கை உயர்த்தி வந்தவரைக் கொல்வது படுபாதகம். உலகத் தமிழர் அதைக் கேட்டுக் கொதித்தார்கள், கொதிக்கத்தான் வேண்டும்.

அப்படிக் கொதித்தவர்களை நான் கேட்கிறேன். நடேசனும் புலித்தேவனும் நம்பியது போலத்தானே யோகேஸ்வரன் நம்பினார்? வெள்ளைக் கொடிக்கும் தேநீர்க் கோப்பைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் சொன்னது ஒன்றுதான்: இந்த நேரத்துக்கு நீ என்னைக் கொல்லமாட்டாய், நான் உன்னைக் கொல்லமாட்டேன். ஒன்றுக்கு அழுது மற்றதற்குக் காரணம் தேடுகிறவரிடம் இருப்பது மனச்சாட்சி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது அடையாள அட்டை.

தெற்கில் என் சிங்கள நண்பர்களிடமும் இதே நோயைப் பார்க்கிறேன். வெள்ளைக் கொடி என்று ஆரம்பித்தால் 'ரணவிருவோ', எங்கள் வீரர்கள், அவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்பார்கள். செஸ் விளையாடிய அந்த நல்ல மனிதரின் வாக்கியம், வேறு மொழியில்.

யோகேஸ்வரனின் நம்பிக்கையையும் நான் தொட்டுத்தான் ஆகவேண்டும். அவர் மேல் எனக்கு இருக்கிற மரியாதை குறையாமலே சொல்கிறேன், சோதிக்கவேண்டாம் என்று அவர் சொன்னது பிழை. பாமன்கடையில் வாழ்ந்து 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர், இந்த நாட்டில் பகுத்தறிவைத் தெருவுக்குக் கொண்டுவந்த மனிதர். அற்புதம் செய்கிறேன் என்றவர்களுக்கு எதிராக ஒரு லட்சம் ரூபாயைப் பந்தயமாக வைத்தவர், தன்னைச் சோதிக்க விடாதவனையும் சோதிக்காமல் நம்புகிறவனையும் ஒருசேரக் கண்டித்தார். தமிழில் ஆராய்ந்து பார்ப்பதற்கும் தடவிப் பார்ப்பதற்கும் ஒரே சொல் இருப்பது எவ்வளவு நல்லது. ஆய்வுகூடத்திலும் சோதனை, வாசலிலும் சோதனை.

இந்த நகரத்துத் தமிழனுக்கு அந்தச் சொல்லே கசக்கும் என்பது எனக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் இறங்கு, ஏறு, கையைத் தூக்கு, பொலிஸ் பதிவைக் காட்டு என்று எங்கள் இளமை முழுவதும் போயிற்று. தமிழன் என்பதற்காக மட்டும் தடவிப் பார்ப்பது சோதனை இல்லை, அது முன்கூட்டி எழுதிய தீர்ப்பு. எல்லோரையும் ஒரே மாதிரிப் பார்ப்பது வேறு. அதை எனக்குப் புரியவைத்தது செட்டியார் தெரு. அக்காவின் பள்ளிக் கட்டணத்துக்காக அம்மா ஒரு வளையலை அடகு வைக்கப் போனபோது நானும் போயிருந்தேன். கடைக்காரர் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். அம்மாவை அக்கா என்று கூப்பிட்டு, இருத்தி, நெக்டோ சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, வளையலைக் கறுப்புக் கல்லில் உரைத்தார். கல்லில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டுக் குனிந்து பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. வெளியே வந்து, எங்களை நம்பவில்லையா அவர் என்று கேட்டேன். அம்மா சிரித்தார். "தன்ர தங்கச்சி கொண்டுவந்தாலும் உரைப்பார். அதாலதான் அந்தக் கடைக்கு வாறம்."

புல்லர்ஸ் வீதி வாசலில் அந்த மூவரையும் தடவிப் பார்த்திருந்தால் அவர்கள் கோபித்துத் திரும்பியிருக்கலாம். பேச்சு முறிந்திருக்கலாம். முறியட்டும். சோதனைக்குக் கோபிக்கிறவரோடு எந்தச் சமாதானமும் செய்ய முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும், இரண்டு உயிரும் மிஞ்சியிருக்கும். சரோஜினியும் விதவையாகியிருக்கமாட்டார். அவர் 1998 ஜனவரியில் யாழ்ப்பாண மேயராகத் தெரிவானார். வீட்டுக்கு வருகிறவர்களைத் தடுக்காமல் சந்திக்கிற மேயர். அந்த மே மாதம் 17ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் அந்த வீட்டிலேயே அவரையும் சுட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்ட மனமில்லை. குண்டுத் தழும்போடு வாழ்ந்த சிவசிதம்பரம் தலைவராக இருந்தபோதே கூட்டணி 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அவர் 2002இல் காலமானார். 2004 தேர்தலில் அந்தக் கூட்டமைப்பு, விடுதலைப் புலிகளே தமிழ் மக்களின் ஏகப் பிரதிநிதிகள் என்று விஞ்ஞாபனத்தில் எழுதி வாக்குக் கேட்டது. மெய்ப்பொருளார் தரையில் கிடந்தபடி சொன்னதை, ஒரு கட்சி அச்சிட்டுக் கொடுத்தது.

நாயனார் கதையைக் கேட்டு அழுகிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை. அம்மா அழுவது ஒரு மனிதரின் பெருந்தன்மைக்காக. தன்னைக் கொன்றவனை ஒருவர் மன்னிக்கலாம், அது அவருடைய உயிர். மன்னிப்பதற்கு முன்னால் அது கொலை என்றாவது சொல்லவேண்டும் அல்லவா? நம்மவர் என்ற ஒரு வார்த்தையில் மன்னிப்பும் இல்லை, குற்றமும் இல்லை. கத்தியே காணாமற் போய்விடுகிறது. அதோடு, ஊர் எல்லைவரை பத்திரமாகப் போன முத்தநாதன் அடுத்து எந்த வாசலுக்குப் போனான் என்று புராணம் சொல்வதில்லை. அந்த வாசலில் இருந்தவர்களுக்காக யார் அழுவது?

2008 ஜனவரி முதலாம் திகதி, நான் சாய்ந்து உட்காருகிற இதே கோயிலுக்குள், வருடப்பிறப்புக் கூட்டத்தின் நடுவில் கும்பிட்டுக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரன் சுடப்பட்டு இறந்தார். பொன்னாலையில் துரையப்பா விழுந்து முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் குண்டு வைத்த முதுகுப்பையோடு ஒருவன் நுழைந்தான். அதே காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலய வாசலில் நின்ற ஒரு தகப்பன், பையோடு வந்த முன்பின் தெரியாதவனை நிறுத்திக் கேள்வி கேட்டார், உள்ளே விடவில்லை. குண்டு வெளியே வெடித்தது. அவரும் பல பிள்ளைகளும் இறந்தார்கள். உள்ளே இருந்த எத்தனையோ பேர் அவர் கேட்ட கேள்வியால் உயிரோடு இருக்கிறார்கள்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு பொன்னம்பலவாணேசுவரர் கோயில் வாசலிலும் பை பார்த்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த பையன் ஒருவன் தொண்டனாக நின்றான். என்னையும் அம்மாவையும் கண்டதும் எழுந்து வழிவிட்டான்.

"நீங்கள் போங்கோ அண்ணை. உங்களைத் தெரியாதா?"

எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் கைப்பையைத் திறந்து பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். அவரை அவனுக்குத் தெரியாது. நான் பையை மேசையில் வைத்துச் சிப்பை இழுத்தேன்.

"பார், தம்பி."

அவன் கூச்சத்தோடு கையை விட்டான். அம்மாவின் குளிசைப் பெட்டி, மடித்த குடை, தண்ணீர்ப் போத்தல், அர்ச்சனைக்கு வாங்கிய கர்ப்பூரம். அடியில் ஒரு பழைய சால்வை சுருண்டு கிடந்தது. அதையும் விரித்து உதறிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான்.